பாதத்தில் வரும் கொழுப்புக்கட்டிகள்

கொழுப்புக்கட்டி என்பது முதிர்ந்த கொழுப்புச் செல்கள் ஓரிடத்தில் அளவுமீறிப் பெருகி, பெரும்பாலும் மெல்லிய உறை ஒன்றுக்குள் திரண்டு நிற்பது. மருத்துவத்தில் இதன் பெயர் லிப்போமா. பெரியவர்களின் மென்திசுக்களில் தோன்றும் கட்டிகளில் இதுவே மிகச் சாதாரணமானது; 40 வயதிலிருந்து 60 வயதுக்குள் அதிகம் தலைகாட்டும். கழுத்து, தோள், முதுகு, மேற்கை, தொடை ஆகியவையே இது வழக்கமாக வரும் இடங்கள். விரலால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும், தோலுக்கடியில் வழுக்கிக்கொண்டு நகரும், வலிக்காது. முதுகில் இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் அதை மறந்தே போனவர்கள் உண்டு. இது புற்றுநோயாக மாறுவது ஏறக்குறைய இல்லை என்றே சொல்லிவிடலாம்.

இதே கட்டி பாதத்தில் வருவது அபூர்வம். வந்துவிட்டால் நிலைமை வேறு. முதுகில் இரண்டு செ.மீ. கட்டி ஆளுக்குத் தெரியாமலே கிடக்கும். உள்ளங்காலில் அதே அளவுக் கட்டி ஒவ்வோர் அடியிலும் உடலின் எடையை வாங்குகிறது, பக்கத்தில் ஓடும் நரம்பை நெரிக்கிறது, சப்பாத்துக்குள் உராய்கிறது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பாதத்தில் எழும் வீக்கங்களில் கொழுப்புக்கட்டி சிறுபான்மை. அதனால் தொட்டுப் பார்த்த மாத்திரத்தில் 'வெறும் கொழுப்புதான்' என்று முடிவுகட்ட அங்கே இடமில்லை. பாதத்துக் கட்டியை வெட்டுமுன் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதே இந்தத் துறையின் முதல் விதி. மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கட்டி ஏன் வருகிறது என்ற கேள்விக்கு எண்ணெய்ப் பலகாரத்தையும் நெய்யையும் குற்றம் சொல்வது நம்மவர்களிடம் வழக்கம். அது சரியல்ல. பல லிப்போமாக்களில் 12ஆம் குரோமோசோமில் உள்ள எச்.எம்.ஜி.ஏ.2 என்ற மரபணு இடம் பிறழ்ந்து, ஓய்ந்திருக்க வேண்டிய வயதில் விழித்துக்கொள்கிறது. ஏதோ ஒரு செல்லில் பிற்காலத்தில் நேரும் மாற்றம் இது. சில குடும்பங்களில் பலருக்கும் பல கட்டிகள் வருவது உண்டென்றாலும், தனிக்கட்டி பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. உடல் மெலிந்தாலும் கட்டி மெலியாது. உணவுக் கட்டுப்பாட்டாலும் தடவும் தைலத்தாலும் அது கரைவதில்லை.

இடம்தான் எல்லாம்

பாதத்தில் ஏற்கெனவே கொழுப்பு இருக்கிறது, அது வேலை செய்யும் கொழுப்பு. குதிகாலின் அடியில் 1.5 முதல் 2 செ.மீ. வரை தடிமனான கொழுப்பு மெத்தை ஒன்று உண்டு. ஜெர்மானிய உடற்கூறியலாளர் எரிக் பிளெக்ஷ்மிட் 1933இல் அதன் உள்ளமைப்பை விரிவாக விளக்கினார். குதிகால் எலும்பிலிருந்து தோல் வரை இறங்கும் நார்ச்சுவர்கள் மெத்தையைச் சிறு சிறு அறைகளாகப் பிரிக்கின்றன. காலை ஊன்றும்போது கொழுப்பு பக்கவாட்டில் பிதுங்கி ஓடாமல் அறைக்குள்ளேயே நின்று அதிர்வை வாங்கிக்கொள்கிறது. இந்த அறைகளை ஒருமுறை வெட்டிக் குலைத்தால் பழையபடி வளர்வதில்லை. குதிகால் வலிக்கென்று ஸ்டீராய்டு ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டாலும் இந்த மெத்தை தேய்ந்து மெலிந்துவிடும்.

மெத்தைக்கு மேலே உள்ளங்காலின் நீளத்துக்கும் விறைப்பான நார்த்தகடு ஒன்று விரிந்திருக்கிறது. அதற்கும் மேலே நான்கு அடுக்குத் தசைகள், அவற்றின் இடையே நரம்புகளும் இரத்தக் குழாய்களும். தகட்டுக்கு அடியில், தோலை ஒட்டி வளரும் கட்டி கையில் தட்டுப்படும். தகட்டுக்கு மேலே தசைகளுக்கு நடுவில் வளர்வது வெளியே புடைக்க வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே படரும். வளைவு சற்று நிரம்பினாற்போலத் தெரிவதைத் தவிர வெளியே அடையாளம் இருக்காது. விரல்களின் இடைவெளி வழியாக மேல்பாதத்துக்கு அது எட்டிப் பார்ப்பதும் உண்டு.

உட்பக்கக் கணுக்காலுக்குக் கீழே இன்னும் நெருக்கடியான இடம் ஒன்று இருக்கிறது. எலும்புக்கும் அதன்மேல் இழுத்துக் கட்டிய நார்ப்பட்டைக்கும் நடுவே உள்ள குறுகிய சுரங்கப்பாதை அது. மூன்று தசைநாண்களும் ஒரு தமனியும் சிரைகளும் உள்ளங்காலுக்கு உணர்வூட்டும் நரம்பும் அதன் வழியாகத்தான் பாதத்துக்குள் இறங்குகின்றன. அங்கே சிறிய கொழுப்புக்கட்டி ஒன்று முளைத்தாலும் முதலில் அடி வாங்குவது நரம்பு. உள்ளங்கால் எரியும், மரத்துப்போகும், இரவில் படுத்தபின் ஊசி குத்துவதுபோல் இருக்கும். கணுக்காலின் உட்புறத்தை விரலால் தட்டினால் விரல்நுனி வரை சுரீரென்று ஓடும்.

சிட்னியின் மேற்கில் மெரிலேண்ட்ஸ், வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி பகுதிகளில் வாழும் தமிழர்களுக்கு இந்த இடத்தில் ஒரு தனி எச்சரிக்கை தேவைப்படுகிறது. தெற்காசியர்களிடையே நீரிழிவு அதிகம். உள்ளங்கால் எரிகிறது என்று சொன்னதும், 'சுகர் இருக்குதானே, அதுதான்' என்று வீட்டிலும் சில நேரம் மருத்துவரிடத்திலும் பேச்சு முடிந்துவிடுகிறது. நீரிழிவால் வரும் நரம்புக் கோளாறு பொதுவாக இரண்டு பாதங்களிலும், விரல்நுனியில் தொடங்கி, ஏறக்குறைய ஒரே மாதிரி மேலேறும். எரிச்சல் ஒரே காலில் மட்டும், அதுவும் பாதத்தின் ஒரு பகுதியில் மட்டும் இருக்குமானால் நரம்பை எங்கோ ஏதோ அழுத்துகிறதா என்று தேட வேண்டும். அழுத்துவது கொழுப்புக்கட்டியாக இருக்கலாம், நீர்க்கட்டியாக இருக்கலாம், வீங்கிய சிரையாகவும் இருக்கலாம். சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது மட்டும் அதற்கு மருந்தாகாது.

கட்டியாகத் தெரிந்தும் கட்டி அல்லாதவை

சிகிச்சை வேண்டாதவற்றை முதலில் விலக்கிவிடுவது நல்லது. நிற்கும்போது குதிகாலின் ஓரத்தில் பட்டாணி அளவில் வெண்மையான மேடுகள் எழுந்து, காலைத் தூக்கியதும் மறைந்துவிட்டால், அது மெத்தையின் கொழுப்பு நார்ச்சுவரின் இடைவெளி வழியாகப் பிதுங்குவது மட்டுமே. ஷெல்லி, ராவ்ன்ஸ்லி என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1968இல் இதைத் தனி நிலையாக விவரித்தனர். மிகப் பலருக்கு இது உண்டு, வலிப்பது சிலருக்கே. வலித்தால் குதிகாலைச் சுற்றி அணைத்துப் பிடிக்கும் செருகுமெத்தை போதும்.

சில கைக்குழந்தைகளின் இரு குதிகால்களிலும் உட்பக்கமாக மெத்தென்ற உருண்டைகள் இருக்கும். பிறந்தபோதோ முதல் சில மாதங்களிலோ கண்ணில் படும், வலிக்காது, குழந்தை நடப்பதைத் தடுக்காது. பெற்றோர் பதறுவது இயல்புதான். ஆனாலும் அறுவை சிகிச்சை தேவையில்லை. நடுத்தர வயதில், குறிப்பாகப் பருமனான பெண்களுக்கு, வெளிக்கணுக்காலுக்கு முன்னால் இரு கால்களிலும் ஒரேபோலக் கொழுப்பு மேடு தட்டுவதும் இந்த வகைதான். அதற்கு உறை கிடையாது, அது சுற்றியிருக்கும் கொழுப்பின் நீட்சி.

உண்மையான கட்டிகளிலும் கொழுப்புக்கட்டியைப் போல் நடிப்பவை பல. மேல்பாதத்தில் மிக அதிகமாக வருவது கேங்லியன் என்ற நீர்க்கட்டி. உள்ளங்காலின் வளைவில், நார்த்தகட்டோடு ஒட்டிக்கொண்டு நகராமல் கெட்டியாக இருப்பது பெரும்பாலும் நார்க்கட்டி. கீல்வாதக்காரர்களுக்கு யூரிக் அமிலப் படிகங்கள் திரண்டு முண்டு விழுவதுண்டு. இவற்றோடு பயப்பட வேண்டியதும் ஒன்று இருக்கிறது. சைனோவியல் சார்கோமா, கிளியர் செல் சார்கோமா போன்ற மென்திசுப் புற்றுநோய்கள் அரிதானவை என்றாலும், வரும்போது பாதத்தையும் கணுக்காலையும் விரும்பித் தேடுபவை. அவை சிறியதாக, மெதுவாக, சில சமயம் வலியே இல்லாமல் வருடக்கணக்கில் வளரும். ஐந்து செ.மீ.க்கு மேல் இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று மென்திசுக் கட்டிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவுகோல் பாதத்துக்குப் பொருந்தாது. பாதத்தில் ஒரு கட்டி ஐந்து செ.மீ. ஆகும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிட்டது என்றுதான் பொருள்.

பரிசோதனை எந்த வரிசையில்

ஆஸ்திரேலியாவில் எல்லாம் ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடம் தொடங்குகிறது. கட்டி எப்போது கண்ணில் பட்டது, வளர்கிறதா, வலி ஓய்விலும் உண்டா, எந்தச் சப்பாத்தில் உறுத்துகிறது, அடிபட்டதுண்டா என்று அவர் கேட்பார். தெளிவாகப் பதில் சொல்ல ஆங்கிலம் தடையாக இருந்தால், நாடு தழுவிய மொழிபெயர்ப்புச் சேவை 131 450 என்ற எண்ணில் தமிழிலும் கிடைக்கிறது. பதின்ம வயதுப் பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துப் போவதைவிட அது எவ்வளவோ மேல்.

முதற்படியாக எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும் எழுதித் தரப்படும். எக்ஸ்ரேயில் கொழுப்புக்கட்டி கறுத்த நிழலாகத் தெரியலாம். அதைவிட முக்கியம், எலும்பு அரிக்கப்பட்டிருக்கிறதா, கட்டிக்குள் சுண்ணாம்புப் படிவு உண்டா என்பது. அல்ட்ராசவுண்டில் தோலை ஒட்டிய லிப்போமா, தோலுக்கு இணையாகப் படுத்த நீள்வட்டமாக, உள்ளே மெல்லிய கோடுகளோடு தெரியும். இரத்த ஓட்டம் ஏறக்குறைய இராது. நீர்க்கட்டியானால் உள்ளே முழுக்கக் கறுப்பாக இருக்கும். தோலடிக் கட்டிக்கு நல்ல கை தேர்ந்தவர் செய்த அல்ட்ராசவுண்டே பல சமயம் விடை தந்துவிடும். நார்த்தகட்டுக்கு அப்பால் ஆழத்தில் இருப்பதற்கு அது போதாது.

அங்கேதான் எம்.ஆர்.ஐ. வருகிறது. கொழுப்பைப் பொறுத்தமட்டில் இதைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை. டி1 எனப்படும் படவரிசையில் கொழுப்பு பளிச்சென்று வெண்மையாகத் தெரியும். பிறகு கொழுப்பின் சமிக்ஞையை மட்டும் அடக்கிவிட்டு அதே இடத்தை மீண்டும் படமெடுப்பார்கள். கட்டி முழுவதும் கொழுப்பாக இருந்தால் இப்போது அது கறுத்துப் போகும். படம் பார்க்கும் மருத்துவருக்கு ஒப்பிட அளவுகோலும் அதே படத்திலேயே இருக்கிறது: தோலுக்கடியில் உள்ள நோயாளியின் சொந்தக் கொழுப்பு. ஒவ்வொரு வரிசையிலும் கட்டி அந்தக் கொழுப்போடு சேர்ந்தே வெளுத்து, சேர்ந்தே கறுத்தால் அது லிப்போமா. அடக்கிய படத்திலும் ஒரு மூலை வெளுத்தே நின்றால், இரண்டு மி.மீ.க்கு மேல் தடித்த சுவர்கள் குறுக்கே ஓடினால், கொழுப்பல்லாத முடிச்சுகள் தெரிந்தால், அதற்கு லிப்போமா என்று பெயர் வைப்பதை நிறுத்திவைக்க வேண்டும்.

பாதத்துக்கான எம்.ஆர்.ஐ.யை ஜி.பி. எழுதினால் அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் பொதுவாகப் பணம் திரும்பத் தராது. சிறப்பு மருத்துவர் எழுதினால்தான் தரும். செலவுக்குப் பயந்து இந்தப் படியைத் தாண்டி நேரே கட்டியை எடுத்துவிடலாம் என்று நினைப்பது தவறு. ஜி.பி. தரும் ரெஃபரல் 12 மாதம் செல்லும். அதைக்கொண்டு பாத, கணுக்கால் எலும்பு அறுவை மருத்துவரையோ பொது மருத்துவமனையின் எலும்புப் பிரிவையோ அணுகலாம். மெரிலேண்ட்ஸ்காரர்களுக்கு 1978இல் திறக்கப்பட்ட வெஸ்ட்மீட் மருத்துவமனை ரயிலில் பரமட்டாவுக்கு அடுத்த நிறுத்தத்திலேயே இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வருகை விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கு மெடிகேர் கிடையாது. இந்தியாவோடும் இலங்கையோடும் ஆஸ்திரேலியாவுக்குப் பரஸ்பர மருத்துவ ஒப்பந்தம் இல்லை. அவர்கள் ஊர் திரும்பிச் சிகிச்சை பெற நினைத்தால் இங்கே எடுத்த படங்களையும் அறிக்கைகளையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

படத்தில் ஐயம் தீராவிட்டால் அடுத்தது பயாப்சி. தடித்த ஊசியால் கட்டியின் உள்ளிருந்து மெல்லிய துண்டுகளை எடுப்பதே முறை. ஊசி நுழைந்த தடம் பின்னால் பெரிய அறுவை தேவைப்பட்டால் அதோடு வெட்டி எடுக்கக்கூடிய கோட்டில் அமைய வேண்டும். ஆகவே சந்தேகத்துக்குரிய கட்டியில் பயாப்சி செய்பவர், பின்னால் அறுவை செய்யப்போகும் குழுவோடு பேசிவைத்துக்கொண்டே செய்வார். நுண்ணோக்கியில் சாதாரண லிப்போமாவும், அதன் ஆபத்தான ஒன்றுவிட்ட உறவான வித்தியாசக் கொழுப்புக் கட்டியும் சில நேரம் பிரித்தறிய முடியாதபடி ஒத்திருக்கும். அப்போது மரபணுச் சோதனை கைகொடுக்கிறது. இரண்டாவதில் எம்.டி.எம்.2 என்ற மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருக்கும், சாதாரண லிப்போமாவில் அப்படி இருக்காது. இருபது வருடத்துக்கு முன் நோய்க்கூறியலாளரின் கண்ணை மட்டுமே நம்ப வேண்டியிருந்த இடத்தில் இன்று இந்த ஒரு சோதனை பல வழக்குகளைத் தீர்த்துவைக்கிறது.

எலும்புக்குள் ஒன்று, நரம்புக்குள் ஒன்று

குதிகால் எலும்பின் உள்ளேயே கொழுப்புக்கட்டி உருவாவதுண்டு. எலும்புக் கட்டிகள் அனைத்திலும் மிக அபூர்வமான இனங்களில் ஒன்று இது. அந்த அபூர்வத்துக்குள்ளும் குதிகால் எலும்பு இதற்குப் பிடித்த இடம். அந்த எலும்பின் முன்பாதியில், பாரம் தாங்கும் எலும்புக் கீற்றுகள் இயல்பாகவே அடர்த்தி குறைந்த முக்கோணப் பகுதி ஒன்று உண்டு. கட்டி அங்கேதான் உட்காரும். கணுக்கால் சுளுக்கிக்கொண்டதற்கோ குதிகால் வலிக்கோ எடுத்த எக்ஸ்ரேயில் தற்செயலாகத் தென்படுவதே வழக்கம். மெல்லிய வெள்ளைக் கரை கட்டிய கறுத்த குழி, சில வேளை அதன் நட்டநடுவில் ஒரு சுண்ணாம்புப் புள்ளி. அந்தப் புள்ளி இருந்தால் இதுதான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். இல்லாவிட்டால் அதே முக்கோணத்தில் வரும் எலும்பு நீர்க்கட்டியோடு குழம்பும். சி.டி. ஸ்கேனில் தண்ணீருக்கு 0 என்றால் கொழுப்பு −100க்குப் பக்கத்தில் நிற்கும் என்பதால் அங்கே குழப்பம் தீரும்.

அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் மில்கிரம் 1988இல் இத்தகைய பல கட்டிகளை ஆராய்ந்து மூன்று நிலைகளாகப் பிரித்தார். முதல் நிலையில் கொழுப்பு உயிரோடு இருக்கிறது. இரண்டாவதில் ஒரு பகுதி செத்துச் சுண்ணாம்பு படிகிறது. மூன்றாவதில் பெரும்பகுதி செத்து, உள்ளே நீர்க்குழி விழுகிறது. பெரும்பாலான கட்டிகள் அமைதியானவை, கண்காணித்தால் போதும். படத்தில் குழி தெரிந்துவிட்டது என்பதற்காகக் குதிகால் வலிக்கு அதையே காரணமாக்கி அறுவைக்கு ஓடுவது அவசரம். குதிவாதம் என்று நாம் சொல்லும் நார்த்தகட்டு அழற்சி அதைவிடப் பன்மடங்கு சாதாரணமான காரணம். அதற்குரிய நீட்டிப்புப் பயிற்சியும் செருகுமெத்தையும் சில மாதம் முயன்று பார்த்த பிறகும் வலி தீராவிட்டாலோ, குழி பெரிதாகி எலும்பு முறியும் அபாயம் தெரிந்தாலோ அறுவை நியாயமாகும். குதிகாலின் வெளிப்புறத்தில் சிறு சன்னல் வெட்டி, உள்ளிருப்பதைச் சுரண்டி எடுத்து, குழியை எலும்புத் துகளாலோ மாற்றுப் பொருளாலோ நிரப்புவார்கள். மீண்டும் வருவது அரிது.

நரம்புக்குள் வளரும் கொழுப்பு இன்னும் விசித்திரமானது. அங்கே கட்டி நரம்பின் பக்கத்தில் இல்லை, நரம்பின் இழைக்கட்டுகளுக்கு நடுவே கொழுப்பும் நாரும் புகுந்து நரம்பையே பருமனாக்கிவிடுகின்றன. கையின் நடுநரம்பில் இது அதிகம், பாதத்தில் உள்ளங்காலின் உட்பக்க நரம்பில் வரும். எம்.ஆர்.ஐ.யின் குறுக்குவெட்டில், பல கம்பிகளை உள்ளடக்கிய கேபிளை அறுத்துப் பார்த்ததுபோல, வெண்கொழுப்புக்கு நடுவே கறுத்த புள்ளிகள் வரிசையாகத் தெரியும். இந்தத் தோற்றம் வேறு எதற்கும் இல்லை, பயாப்சியே தேவைப்படாது. இதை வெட்டி எடுக்க முயலக் கூடாது. கொழுப்பை எடுக்கப்போய் நரம்பிழைகள் அறுந்து, உள்ளங்கால் நிரந்தரமாக மரத்துப்போகும். நெரிசலான சுரங்கப்பாதையைத் திறந்து நரம்புக்கு இடம் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்வதே சரியான சிகிச்சை.

இதன் முற்றிய வடிவத்தில் விரல்களே பெருத்துவிடுகின்றன. பிறவியிலேயே, பெரும்பாலும் ஒரு பாதத்தில், இரண்டாம் மூன்றாம் விரல்கள் எலும்போடும் கொழுப்போடும் சேர்ந்து வீங்கி வளரும். 1925இல் ஃபெரிஸ் என்பவர் இதற்கு மேக்ரோடிஸ்ட்ரோபியா லிப்போமட்டோசா என்று பெயரிட்டார். இந்திய மருத்துவமனைகளிலிருந்தும் இத்தகைய நோயாளிகள் பற்றிய அறிக்கைகள் பலமுறை வெளியாகியுள்ளன. காரணம் நெடுங்காலம் பிடிபடாமல் இருந்தது. இப்போது பலரில், கருவளர்ச்சியின்போது அந்தப் பகுதிச் செல்களில் மட்டும் பி.ஐ.கே.3சி.ஏ. என்ற மரபணுவில் நேர்ந்த மாற்றம்தான் காரணம் என்று தெரிந்திருக்கிறது. பெற்றோரின் குறை எதுவும் இதில் இல்லை. கர்ப்பத்தில் தாய் செய்த எதனாலும் இது வந்ததில்லை என்பதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பழி பெரும்பாலும் அவள்மீதுதான் விழுகிறது.

இந்தக் குழந்தைகளுக்கு அழகிய பாதம் என்பதைவிட, கடையில் வாங்கும் சப்பாத்துக்குள் நுழையும் பாதம் என்பதே அறுவையின் இலக்கு. மிகையான கொழுப்பைக் குறைப்பது, அந்த விரல் பெற்றோரின் அதே விரலின் நீளத்தை எட்டும் சமயத்தில் வளர்தகட்டை அடைத்து மேற்கொண்டு வளராமல் நிறுத்துவது, சிலவேளை விரலையும் அதன் பின்னுள்ள எலும்பையும் சேர்த்து அகற்றுவது என்று படிப்படியாகப் பல அறுவைகள் தேவைப்படலாம். கடைசியாகச் சொன்னது கொடுமையாகத் தோன்றினாலும், பாதத்தை ஒடுக்கி நடையைச் சீராக்குவதில் அதுவே பல சமயம் நல்ல பலன் தருகிறது. மருந்து வழியும் திறந்திருக்கிறது. இந்த மரபணு மாற்றத்தால் வரும் மிகைவளர்ச்சி நோய்கள் கடுமையாக உள்ள, இரண்டு வயது நிரம்பியவர்களுக்கு அல்பெலிசிப் என்ற மருந்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2022 ஏப்ரலில் அனுமதித்தது. மேற்கு சிட்னியில் இப்படிப் பிறக்கும் குழந்தைக்கு வெஸ்ட்மீட்டில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையே போக வேண்டிய இடம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பாதத்தில் வேகமாக வளரும் மெத்தென்ற கட்டி லிப்போபிளாஸ்டோமா என்ற வேறு இனமாகவும் இருக்கலாம். அதுவும் புற்றல்ல, ஆனால் முழுதாக எடுக்காவிட்டால் திரும்பி வரும்.

எடுப்பதா, விடுவதா

படத்தில் சாதாரண லிப்போமா என்று உறுதியாகி, வலியும் தொந்தரவும் இல்லாவிட்டால், விட்டுவிடுவதே நல்லது. ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ ஒருமுறை அளந்து பார்த்தால் போதும். முன்பகுதி அகலமான சப்பாத்தும், கட்டி இருக்கும் இடத்தில் குழித்த செருகுமெத்தையும் பலருக்கு அறுவையையே வேண்டாமல் ஆக்கிவிடும். வளர்கிறது, நடக்க விடவில்லை, நரம்பை நெரிக்கிறது, படத்தில் ஐயம் இருக்கிறது என்ற நிலைகளில்தான் எடுக்க வேண்டும். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் முறை பாதத்துக்கு ஏற்றதல்ல. நரம்புகள் தெரியாமல் உள்ளே குழாயை ஓட்டுவது ஆபத்து, ஆய்வுக்கு முழுத்திசுவும் கிடைக்காது.

பாதத்து அறுவையில் கத்தி எங்கே வைக்கப்படுகிறது என்பதே பாதி வெற்றி. உள்ளங்காலில் எடை விழும் இடத்தில் தழும்பு விழுந்தால், கட்டி போன பிறகும் ஒவ்வோர் அடியிலும் வலிக்கும். ஆகவே கூடியவரை உட்பக்க ஓரத்திலோ எடை படாத வளைவிலோ கீறுவார்கள். தொடையிலோ கணுக்காலிலோ பட்டை இறுக்கி இரத்தத்தை நிறுத்தியபின், கணுக்கால் நரம்புகளை மரத்துப்போகச் செய்தோ முழு மயக்கத்திலோ அறுவை நடக்கும். நார்த்தகட்டைப் பிரித்ததும் இளமஞ்சள் நிறத்தில், கதுப்புக் கதுப்பாக, பளபளக்கும் மெல்லுறையோடு கட்டி தெரியும். உள்ளங்கால் நரம்பு பல சமயம் அதன்மேல் தட்டையாக இழுபட்டுக் கிடக்கும். முதலில் அந்த நரம்பைக் கட்டிக்கு மேலேயும் கீழேயும் ஆரோக்கியமான இடத்தில் கண்டுபிடித்து, அங்கிருந்து பிரித்துக்கொண்டு வர வேண்டும். அவசரப்படாத கைக்கு இது அரைமணி வேலை. அவசரப்பட்டால் ஆயுள் முழுக்க மரத்த கால். உறை உடையாமல் வந்தால் கட்டி முழுதாகப் பெயர்ந்து வரும். தசைக்குள் ஊடுருவி வளர்ந்ததானால் எல்லை தெளிவாக இராது, திரும்ப வரும் வாய்ப்பும் கூடுதல்.

எடுத்த கட்டியை ஃபார்மலின் புட்டியில் போட்டால் கொழுப்பாக இருந்தால் மிதக்கும். மிதந்தது என்பதற்காக அதைக் குப்பையில் எறிந்துவிட முடியாது. எவ்வளவு சாதாரணமாகத் தெரிந்தாலும் நோய்க்கூறியல் ஆய்வுக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

உள்ளங்கால் காயம் ஆறுவதற்கு நாளாகும். தையல் இரண்டு மூன்று வாரம் வரை இருக்கும், அதுவரை அந்தக் காலில் எடை ஊன்றாமல் ஊன்றுகோலோடு நடக்க வேண்டும். வலது காலானால் கார் ஓட்ட முடியாது. கிடங்கிலோ சமையற்கூடத்திலோ நின்றபடி வேலை செய்பவர்கள் விடுப்பை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. நீரிழிவு உள்ளவர்கள் அறுவைக்கு முன்பே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, பாதத்தின் இரத்த ஓட்டத்தையும் சோதித்துக்கொள்ள வேண்டும்; புகைப்பவர்கள் நிறுத்த வேண்டும். பொது மருத்துவமனைகளில் திட்டமிட்ட அறுவைகளுக்கு 30 நாள், 90 நாள், 365 நாள் என்று மூன்று படிகள் உண்டு. தீங்கற்ற கட்டி பெரும்பாலும் கடைசிப் படியில்தான் சேரும். காத்திருக்கும் காலத்தில் கட்டி வளர்ந்தாலோ வலி கூடினாலோ ஜி.பி.யிடம் சொல்லி வரிசையை மறுபரிசீலனை செய்யக் கேட்கலாம்.

எல்லாவற்றையும்விடக் கவலை தருவது, படம் எடுக்காமல் 'கொழுப்புதானே' என்று அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து வெட்டி எடுத்த கட்டி பிறகு ஆய்வில் சார்கோமா என்று வருவது. அப்போது புற்றுச் செல்கள் அறுவைக் களம் முழுவதும் பரவியிருக்கக்கூடும். இரண்டாவது அறுவை முதலாவதைவிடப் பெரிதாகும், பாதத்தில் அதற்கு இடமும் குறைவு. பாதத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடிய நிலையில் முழங்காலுக்குக் கீழே எடுக்கும் கட்டாயம் வருவதும் உண்டு. சந்தேகம் எழுந்த நேரத்திலேயே, எதையும் வெட்டுமுன், சார்கோமாவுக்கென்றே உள்ள குழுவிடம் நோயாளியை அனுப்பிவிட வேண்டும். சிட்னியில் கேம்பர்டவுனில் 2013இல் திறக்கப்பட்ட கிறிஸ் ஓ'பிரையன் லைஃப்ஹவுஸிலும், மெல்போர்னில் பீட்டர் மெக்கல்லம் புற்றுநோய் மையத்திலும் அத்தகைய குழுக்கள் இருக்கின்றன. அங்கே அனுப்பப்பட்டவர்களில் பலருக்குக் கடைசியில் சாதாரணக் கட்டி என்றே முடிவாகும். அதனால் அந்தப் பயணம் வீணாகிவிடுவதில்லை.

முழுதாக எடுத்த லிப்போமா திரும்பி வருவது குறைவு. வந்தால், முதல் கட்டி என்னவாக இருந்தது என்பதை இரண்டாவது மருத்துவர் தெரிந்துகொண்டே தீர வேண்டும். அறுவை சிட்னியில் நடந்தாலும் சென்னையிலோ கொழும்பிலோ நடந்தாலும், நோய்க்கூறியல் அறிக்கையின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். அதைத் தர மறுக்க எந்த மருத்துவமனைக்கும் காரணம் இல்லை.